ஓரத்தில் நிற்கும் மந்திரவாதிகள்

நாஷ்கல் சுரங்கத்தில் இறங்கினால், இரும்புத் தாதில் நஞ்சைக் கலந்துகொண்டிருக்கும் கோபோல்டு என்னும் குட்டி அரக்கர் கூட்டத்தைக் கடந்து, கடைசியாக முலாஹே என்ற பூசாரியின் அறைக்கு வந்து சேர்வோம். அவனை வீழ்த்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தால், ஓரத்தில் ஒருவன் நிற்பான். மெலிந்த உடம்பு, எல்ஃப் இனம், பெயர் ஸான். சிறையிலிருந்து மீட்டவர்களிடம் அவன் முதலில் பேசுவதே, இனி எதுவும் உருப்படப் போவதில்லை என்ற தோரணையில்தான். அணியில் சேர்த்துக்கொண்டால் போருக்குப் போர் புலம்புவான். அவனுக்கென்று எழுதிவைத்திருந்தது ஒரு சிறு உரையாடல், பதிவு செய்த சில வரிகள், ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு, ஓர் ஓவியம். கிட்டத்தட்ட அவ்வளவே.

1998 டிசம்பரில் 'பால்டர்ஸ் கேட்' வெளிவந்தபோது ஸான் அதில் ஒப்புக்குச் சப்பாணி. கனடாவின் எட்மண்டன் நகரில் இருந்த பயோவேர் நிறுவனம் அந்த விளையாட்டுக்காக 25 தோழர்களை உருவாக்கியிருந்தது. ஒரு நேரத்தில் நம்மோடு வரக்கூடியவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்களைப் பலர் பார்க்காமலே ஆட்டத்தை முடித்திருப்பார்கள். ஆனால் அன்றிலிருந்து கால் நூற்றாண்டைத் தாண்டியும் ஸானுக்கு யாராவது வசனம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அதே விளையாட்டின் மந்திரவாதிகளான டைனஹேருக்கும் எட்வினுக்கும் அப்படியே. இப்படி மறுபடி எழுதுவது யார், எதற்காக, அவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி. நிறைய விளையாடியும் கொஞ்சம் எழுதிப் பார்த்தும் எனக்குப் புரிந்தது ஒன்று. இந்த மந்திரவாதிகளின் உயிர் இருப்பது அவர்களுடைய போதாமையில். அதைத் தொட்டு எழுதியவர்கள் ஓர் ஆளை உருவாக்கிவிடுகிறார்கள். அதைத் துடைத்துவிட்டு எழுதியவர்களின் கையில் மிஞ்சுவது வெறும் அலங்காரம்.

போதாமை என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல, அது விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. 'பால்டர்ஸ் கேட்' நிற்பது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளின் மேல். அந்த விதிப்படி, முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளியைத் தீர்மானிப்பது நான்கு முகப் பகடை. உடல்வலு சிறப்பாக இல்லையென்றால் நான்கைத் தாண்டாது. கவசம் அணிய முடியாது. மனனம் செய்யக்கூடியது ஒரே ஒரு மந்திரம். பள்ளி என்னும் மந்திரப் பிரிவு ஒன்றில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர் என்றால் இன்னொன்று. சொன்ன மந்திரம் அந்தக் கணமே நினைவிலிருந்து அழிந்துவிடும். எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் அது மீண்டும் கைக்கு வரும். இந்த ஏற்பாடு அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. அவருடைய 'தி டையிங் எர்த்' 1950இல் வெளியானது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் தங்கள் விளையாட்டை வெளியிட்டபோது, மந்திரம் மறந்துபோகும் என்ற அந்தக் கற்பனையையும் எடுத்துக்கொண்டார்கள்.

சிறப்புத் தேர்ச்சிக்கும் விலை உண்டு. ஒரு பள்ளியைத் தேர்ந்தால் இன்னொன்றை இழக்க வேண்டும். ஸான் மனத்தை வசியப்படுத்தும் பள்ளியைச் சேர்ந்தவன். அதனால் நெருப்புருண்டையோ, எந்தக் கற்றுக்குட்டியும் எய்யும் மாய அம்போ அவனுக்கு வராது. எட்வின் வரவழைக்கும் மந்திரங்களில் வல்லவன், ஆனால் அறியும் மந்திரங்கள் அவனுக்கு அடைத்த கதவு. கையில் கிடைத்த மோதிரம் என்ன மோதிரம் என்று கண்டறியும் மிக எளிய மந்திரம்கூடக் கைகூடாது. உலகிலேயே தன்னைப் போல் அறிவாளி இல்லை என்று பேசித் திரிபவனுக்கு இப்படி ஒரு குறை. இதை விளையாட்டின் விதியே தந்தது. ஒரு பாத்திரத்தைத் திறக்கும் சாவி விதிக்குள்ளேயே கிடப்பதை எனக்கு முதலில் காட்டியவன் அவன்தான்.

முதல் மறுகற்பனை ரசிகர்களிடமிருந்து வரவில்லை, உருவாக்கியவர்களே செய்தார்கள். 2000 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் தோழர்கள் 16 பேராகக் குறைந்தார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் பேச்சு பெருகியது. தங்களுக்குள் சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், காதலித்தார்கள். முதல் பாகத்தின் மந்திரவாதிகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்த எழுத்தாளர்கள் கண்ட விடைகள் ஒன்றுபோல இல்லை.

மிகத் துணிச்சலான விடை இமொயன். முதல் பாகத்தில் அவள் மந்திரவாதியே அல்ல, கூடவே வளர்ந்த குறும்புக்காரத் திருடி. உருவாக்கத்தின் கடைசிக் கட்டத்தில்தான் அவள் சேர்க்கப்பட்டாள் என்றும், வேறு தேவைக்காக முன்பே பதிவாகியிருந்த குரல் துண்டுகளைப் பொறுக்கித்தான் அவளுக்குக் குரல் அமைத்தார்கள் என்றும் இரண்டாம் பாகத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான டேவிட் கெய்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருக்க, இவள் யாரோடும் வாய் கொடுக்காமல் நடந்து வந்ததற்குக் காரணம் அதுதான். இரண்டாம் பாகத்தில் அதே பெண் மந்திரம் கற்றவளாக வருகிறாள். சித்திரவதைக் கூடத்திலிருந்து வெளியே வந்ததும், தன்னை வதைத்தவன் மீது அவள் மாய அம்பை எய்கிறாள். உரிமம் இல்லாமல் மந்திரம் பயன்படுத்துவது அத்கத்லா நகரில் குற்றம். காவல் மந்திரவாதிகள் வதைத்தவனையும் அவளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கிருந்து அவளைத் தேடுவதே கதையின் பாதிப் பயணம் ஆகிவிடுகிறது. குரல் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒருத்தி கதையின் அச்சாணி ஆனாள்.

என் மனத்துக்கு அதைவிட நெருக்கமானது க்வேலின் மாற்றம். முதல் பாகத்தின் க்வேல் மாயத்தோற்ற வித்தை தெரிந்த குள்ளன், தற்பெருமைக்காரன், வாயைத் திறந்தாலே எரிச்சல். இரண்டாம் பாகத்தில் அவன் ஒரு சர்க்கஸில் இருக்கிறான். சிறகு வெட்டப்பட்டு அங்கே வந்து சேர்ந்த எய்ரீ என்ற பெண்ணைத் தேற்றி, கடவுளையும் மந்திரத்தையும் சொல்லிக்கொடுத்து வளர்த்தவன் அவன். அவள் அவனை மாமா என்றே நினைக்கிறாள். அந்தத் தற்பெருமை எங்கே போயிற்று என்று விளையாட்டு நமக்கு விளக்குவதில்லை, இடையில் காலம் போயிருக்கிறது என்று மட்டும் உணர்த்துகிறது. அதே சர்க்கஸ் கூடாரத்தை மாயத்தோற்றத்தால் கைப்பற்றி, எய்ரீயை ராட்சசி உருவத்துக்கு மாற்றி வைத்திருக்கும் கலாஹும் ஒரு குள்ளன்தான், அதே வித்தைதான். ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததே அவன் மனத்தில் முள்ளாகிப் போனது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் க்வேலின் அருமை தெரிகிறது. அவனும் கலாஹ் ஆகியிருக்கக்கூடியவன். ஒரு குழந்தை அவன் கைக்கு வந்தது.

மற்ற விடைகளில் எனக்குக் குறை உண்டு. மனநிலை பிறழ்ந்த க்ஸார், முதல் பாகத்தில் நம் வளர்ப்புத் தந்தை கொலையான மறுநாளே வழியில் வந்து ஒட்டிக்கொள்பவன். இரண்டாம் பாகத்தில் துறைமுகத்தில் ஒரு சிறு வேலையைத் தந்துவிட்டு, தானே ஏமாந்து கொலையாகிப் போகிறான். எட்வினைச் சாபத்தால் பெண்ணாக மாற்றி நகைச்சுவை செய்தார்கள். 2001இல் வந்த விரிவாக்கத்தின் முடிவுரையில் அவன் பெருமந்திரவாதி எல்மின்ஸ்டரோடு மோதி, மறுபடியும் பெண்ணாகி, மதுக்கடைப் பணிப்பெண்ணாகக் காலம் தள்ளுவதாக முடித்துவிட்டார்கள். பெண்ணாவதே ஒருவனுக்குத் தண்டனை என்று கருதும் நகைச்சுவை அது. அன்றைக்கே பழசாகிவிட்டிருந்தது.

டைனஹேருக்குச் செய்ததுதான் பெரிய அநியாயம். ரஷமென் நாட்டிலிருந்து வந்த மந்திரக்காரி, அந்த ஓவிய வரிசையில் கருத்த நிறம் கொண்ட சிலரில் ஒருத்தி. முதல் பாகத்தில் நாஷ்கல் ஊருக்குள் போனால், அவளைக் காப்பாற்றச் சொல்லி மின்ஸ்க் என்ற தோழன் வந்து நிற்பான். அதே ஊரில் அவளைக் கொல்லச் சொல்லி எட்வினும் காத்திருப்பான். இருவரும் குறிப்பிடுவது மேற்கே நோல்கள் என்னும் கழுதைப்புலிமுக அரக்கர்களின் கோட்டைக் குழியில் அடைபட்டிருக்கும் ஒரே பெண்ணை. இவ்வளவு அழகான முடிச்சைப் போட்டவர்கள், இரண்டாம் பாகம் தொடங்கும்போது அவள் செத்துவிட்டாள் என்று கூண்டுக்குள் இருக்கும் மின்ஸ்க்கின் வாயால் சொல்லிவிடுகிறார்கள். அவள் சாவு அவனுடைய துயரத்துக்குப் பயன்பட்டது, கறிவேப்பிலையாக. 2016இல் பீம்டாக் நிறுவனம் இரண்டு பாகங்களுக்கும் இடையில் நடக்கும் 'சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்' கதையை வெளியிட்டபோது டைனஹேர் மீண்டும் உடன் வந்து பேசினாள். ஆனால் அவள் எங்கே போய்ச் சேரப் போகிறாள் என்பது விளையாடுபவருக்குத் தெரிந்திருந்தது. அவள் பேசிய ஒவ்வொரு வரியும் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

ரசிகர்கள் பேனாவை எடுத்தது இந்த மாதிரி இடங்களில்தான். இந்த விளையாட்டில் பெரும்பாலும் வசனத்தின் தொடக்கத்துக்கு மட்டுமே குரல் உண்டு, மீதி திரையில் எழுத்தாக ஓடும். அதனால் வெளியாள் ஒருவர் குரலில்லாமல் எழுதிச் சேர்த்த வரி, அசல் வரிக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. கருவியும் வந்து சேர்ந்தது. வெஸ்ட்லி வைமர் என்ற கணினி அறிவியலாளர் உருவாக்கிய வெய்டியூ, ஒருவர் செய்த மாற்றத்தை அழிக்காமல் அதன் மேலேயே இன்னொருவர் மாற்றம் செய்ய வழி செய்தது. அதற்கு முன்பு, மோட் எனப்படும் இத்தகைய ரசிகர் மாற்றம் ஒன்றைப் போட்டால் இன்னொன்று உடைந்துபோகும்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்தின் குணத்தை அது தீர்மானிக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஒரு தோழருக்கு மூன்று உரையாடல் கோப்புகள். மற்றத் தோழர்களோடு பேசும் அரட்டைக்கு ஒன்று, அடுத்தவர் பேச்சின் நடுவே குறுக்கிடுவதற்கு ஒன்று, அணியை விட்டு விலகும் நேரத்துக்கு ஒன்று. கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நிபந்தனை: இவர் அணியில் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா, இதை முன்பே பேசியாகிவிட்டதா. எழுதுபவர் முதலில் எழுதுவது வசனத்தை அல்ல, அது வரக்கூடிய சூழலை. ஸான் எப்போது வாய் திறப்பான், அப்போது பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் அவன் என்ன சொல்வான் என்பதற்கே வர முடியும். நாடகம் எழுதியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் சுகம் தெரியும்.

இந்த வழியில் நடந்த பெரிய கூட்டு முயற்சி, முதல் பாகத்துக்கான 'என்பிசி புராஜெக்ட்'. இரண்டாம் பாகத்தின் தோழர்களுக்குக் கிடைத்த பேச்சும் உறவும் முதல் பாகத்தின் 25 பேருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். பல கைகள் எழுதியதால் தரம் ஏறி இறங்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. காசு வாங்காமல், ஆண்டுக்கணக்கில், அடுத்தவர் படைத்த பாத்திரத்தின் குரலைக் கற்றுக்கொண்டு எழுதியவர்கள் அவர்கள்.

குரலைக் கற்பது எளிதல்ல. எட்வினின் வசனத்தில் அடைப்புக்குறிகள் வரும். வெளியே ஒன்று சொல்வான், அடைப்புக்குறிக்குள் மனத்தில் உள்ளதை முணுமுணுப்பான். நம் பழைய நாடகப் பிரதிகளில் 'தனக்குள்' என்று போடுவார்களே, அந்த உத்தி. அரைகுறையாக எழுதுபவர் அதில் வெறும் வசவைப் போட்டு நிரப்புவார். நன்றாக எழுதுபவருக்கு அது அவன் பயம் கசியும் ஓட்டை என்று தெரியும். டைனஹேர் பேசுவதோ பழங்கால ஆங்கிலம், நம் ஊரில் ஒருத்தி செந்தமிழில் மட்டுமே பேசுவது போல. அவளுக்கு எழுதும்போது அந்த நடை ஓர் அரணாக வேண்டும். வெறும் ஒப்பனையாகிவிட்டால் அவள் பொம்மையாகிவிடுவாள்.

ஸானுக்கு வருவோம். அதிகம் எழுதப்பட்டவர்களில் அவன் ஒருவன், அதனால் எல்லா வகைத் தவறும் அவனிடம் நடந்திருக்கிறது. அன்பு கிடைத்தால் அவன் நம்பிக்கையின்மை குணமாகிவிடும் என்று எழுதியவர்கள் உண்டு. கடைசியில் அவன் சிரிக்கிறான், கதை முடிகிறது. ஸானும் அங்கேயே முடிந்துபோகிறான். நான் மதிக்கும் வடிவங்களில் அவன் கடைசிவரை தோல்வியை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஆனாலும் மறுநாள் காலையில் எழுந்து கூடவே நடக்கிறான். அவன் இடுப்பில் இருப்பது நிலவுவாள். தகுதியற்றவர் உருவினால் உயிரை எடுத்துவிடும், தன்னை ஏந்துபவரைத் தானே தேர்ந்துகொள்ளும் வாள் என்பது அந்த உலகத்தின் ஐதீகம். நீ தகுதியானவன் என்று நாள்தோறும் சாட்சி சொல்லும் பொருளைச் சுமந்துகொண்டு, அதை நம்ப முடியாமல் திரிகிறான் ஒருவன். தீப்பொறி எழுப்பும் மந்திரம் அவனுக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் அடுத்தவர் மனத்தை மாற்றும் வித்தை. தன் மனத்தை மாற்றத்தான் வழியில்லை. இவ்வளவும் மூலத்திலேயே கிடக்கிறது, ஒன்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அகலிகையை எடுத்துக்கொண்டபோது இதைத்தான் செய்தார். இராமாயணம் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. சாபம் உண்டு, கல் உண்டு, இராமன் பாதம் உண்டு, சீதை தீக்குளித்ததும் உண்டு. அந்தச் செய்தி அகலிகையின் காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். அவள் மறுபடி கல்லானாள். மூலம் விட்டுச்சென்ற இடைவெளியில் ஒரே ஒரு கேள்வியை வைப்பது, மற்றதை அப்படியே விடுவது. பால்டர்ஸ் கேட்டின் நல்ல மோட்களில் நான் தேடுவதும் இந்த நேர்மையைத்தான்.

மற்ற விளையாட்டுகளிலும் இத்தகைய இடைவெளிகள் ஏராளம். 2011 நவம்பரில் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில், வின்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரியில் ஆர்னியல் கேன் என்று ஓர் ஆய்வாளர் இருக்கிறார். முன்னொரு காலத்தில் ஓர் இனமே ஒரே கணத்தில் மறைந்துபோன புதிரை, பல்சக்கரங்களையும் ஓர் ஆன்மக் கல்லையும் ஒரு பழைய கத்தியையும் வைத்து மீண்டும் நிகழ்த்திப் பார்க்க நினைக்கிறார். அவர் கேட்ட பொருள்களை நாம் ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறோம். கல்லின் மேல் கத்தியால் அடிக்கிறார், மறைந்துபோகிறார். பிறகு அவருடைய நிழலைப் போருக்கு அழைக்கும் மந்திரம் நமக்குக் கிடைக்கிறது. ஒரு மனிதரின் வாழ்நாள் ஆசை அவரையே நமக்கு ஆயுதமாக்கிவிட்டது. இவ்வளவு கனமான விஷயத்தை அந்த விளையாட்டு போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2012 பிப்ரவரியில் அதை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் தன் உருவாக்கக் கருவியைப் பொதுவில் விட்ட பிறகு அந்தக் கல்லூரியைத் திருத்தி எழுதாதவர்கள் குறைவு. கட்டடத்தைப் பெரிதாக்கியவர்களும் வகுப்புகளைச் சேர்த்தவர்களும் நிறைய. ஆர்னியலின் காலியான அறைக்கு வெளியே நின்று யோசிக்கும் ஒரு சக ஆசிரியரை எழுதியவரைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கைரிமில் எல்லாருக்கும் முழுக்குரல் என்பதால் எழுதுவது மட்டும் போதாமல் போனது. பதிவான சொற்களை வெட்டி ஒட்டி, இமொயனுக்கு அன்று செய்தது போலவே, புது வாக்கியம் சமைத்தார்கள். பிறகு நடிகரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கும் வழக்கம் வந்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் குரலில் பேச வைப்பதை நடிகர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். பாத்திரம் பொதுச்சொத்து போல ஆகலாம், தொண்டை ஆகாது. குரலில்லாமல் எழுத்தில் ஓடும் வசனம் குறையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

2023 ஆகஸ்டில் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் பாகத்தில் மின்ஸ்க், ஜஹைரா, வைகோனியா, சரெவோக் என்று பழைய முகங்கள் திரும்பி வந்தன. பழைய மந்திரவாதித் தோழர்களில் ஒருவரும் வரவில்லை. ஆனால் வேறு பழைய மந்திரவாதிகள் இருந்த இடத்தின் நினைவு வந்தது. முதல் பாகத்தில் ராமஸித் என்ற மந்திரவாதியும் ராகஃபாஸ்ட் என்ற மந்திரவாதியும் ஒரு வனதேவதையை வைத்துச் சண்டையிட்டார்கள். ராகஃபாஸ்ட் காதல் என்று சொல்லி அவளைப் பூட்டி வைத்திருந்தான், ராமஸித் விடுதலை என்று சொல்லி அவளை அடையப் பார்த்தான். மூன்றாம் பாகத்தில் ராமஸித் இல்லை, அவன் பெயரில் கோபுரம் நிற்கிறது. அங்கே லோரோவகன் என்ற புதிய ஆள், சாகாவரம் கொண்ட ஒரு பெண்ணைப் பிடித்து அடைத்து அந்த வரத்தைத் தனக்காக்கிக்கொள்ளத் துடிக்கிறான். பழைய குற்றம் அதே கோபுரத்தில் வேறு ஆளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த லோரோவகனின் மாணவன் ரோலன். என் கணக்கில் சமீப ஆண்டுகளில் எழுதப்பட்ட மிகச் சிறந்த ஓரத்து மந்திரவாதி அவன்தான். முதலில் பார்க்கும்போது, பெரிய மந்திரவாதியிடம் படிக்கப் போகிறேன் என்ற மிடுக்கில் தம்பி தங்கையோடு கிளம்ப நிற்கிறான். அடுத்துப் பார்க்கும்போது அவர்களைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு சத்திரத்தில் குடித்துக்கொண்டு, யார் பேசினாலும் கடித்துக் குதறுகிறான். மூன்றாவதாகக் கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறான், முகத்தில் கன்றிய காயங்கள். ஆசான் அடித்ததை அவன் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. விளையாட்டு அதை நம் கண்ணில் படுகிற மாதிரி மட்டும் வைக்கிறது. இத்தனையும் நடப்பது கதையின் ஓரத்தில், கவனிக்காமல் கடந்து போனாலும் ஆட்டம் நிற்காது. ஸானைச் செய்தபோது பயோவேருக்கு இதற்கெல்லாம் நேரமும் பணமும் இருந்திருக்காது. ரசிகர்கள் இடையில் கால் நூற்றாண்டாக எழுதிக் குவித்ததில், ஓரத்தில் நிற்பவர்களை ஆட்கள் இவ்வளவு கவனிக்கிறார்கள் என்பது தொழிலுக்கும் எட்டியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நானும் டைனஹேருக்காக ஒரு சிறு துண்டு எழுதினேன். என்னைக் குடைந்த கேள்வி இது: நெருப்பையும் மின்னலையும் வரவழைப்பவள், நோல்களின் குழியில் எப்படி அடைபட்டுக் கிடந்தாள்? அவர்களுக்கு மந்திரத் தடையும் தெரியாது, தந்திரமும் தெரியாது. விடை விதிப்புத்தகத்தில் இருந்தது. பிடிபட்ட அன்று கையிலிருந்த மந்திரங்களையெல்லாம் அவள் செலவழித்திருப்பாள். எட்டு மணி நேரம் உறங்கினால்தான் அவை திரும்பும். நோல்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அவளை உறங்க விடாமல் வைத்திருப்பது. கல்லெறிந்தால் போதும், மேலே நின்று ஊளையிட்டால் போதும்.

நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் அவள் அந்தக் கொடுமையைத் தன் செந்தமிழ் போன்ற நடையில் விவரித்தாள். மூன்றையும் அழித்தேன். நான்காவதில் நிபந்தனையை மாற்றினேன்: டைனஹேர் அணியில் இருக்க வேண்டும், கோட்டையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும், முதல் முறையாக முகாம் போட வேண்டும். அப்போது அவள் வந்து ஒன்று கேட்பாள், இன்றிரவு யார் காவல் என்று. விளையாடுபவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கு அவளிடமிருந்து பதில் வராது. திரை இருளும், எட்டு மணி நேரம் ஓய்வெடுத்ததாக வழக்கமான அந்த வரி கீழே தோன்றும், அவளுடைய மந்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருக்கும்.